காஸ்டிக்கில் வேகவைத்தால் பாலியஸ்டர் பருத்தி ஆகிவிடாது

இந்தக் கோடையில் என் மேஜைக்கு வந்த மூன்றாவது பாலியஸ்டர் சட்டை இது. செல்லூர்ப் பக்கம் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர் கொண்டுவந்தார். தோள் தையலோரம் லேசாகத்தான் இழுத்தேன், நைந்த வேட்டி மாதிரி கிழிந்துகொண்டு வந்தது. "காஸ்டிக்ல போட்டு எடுத்தா காட்டன் மாதிரி வேர்வைய குடிச்சுக்கும்னாய்ங்க சார்" என்றார். காஸ்டிக் என்பது காஸ்டிக் சோடா, துணிப் பட்டறைகளில் புழங்கும் கடுமையான காரம்.

குடிக்காது. எத்தனை முறை சொல்வது? பருத்தி சாதாரணக் காற்றிலேயே 100 கிராமுக்கு 7, 8 கிராம் ஈரத்தை இழைக்குள் வைத்திருக்கும், தொட்டால் காய்ந்துதான் இருக்கும். பாலியஸ்டருக்கு அது 0.4 கிராம். காஸ்டிக் கடிப்பது இழையின் மேல்தோலை மட்டும்தான். அதனால் தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவும், சீக்கிரம் காயும். மதுரை வெயிலுக்கு அதுவே நல்ல உதவிதான். ஆனால் உள்ளே இருப்பது அதே பாலியஸ்டர், அந்த 0.4 பெரிதாக நகராது.

நம் பட்டறைக்காரர்கள் பருத்தியோடு புழங்கியவர்கள். பருத்தி காஸ்டிக்கைத் தாங்கும், மெர்சரைஸ் செய்தால், அதாவது இழுத்துப் பிடித்துக் காஸ்டிக்கில் நனைத்தெடுத்தால், பலம்கூடக் கூடும். அந்தத் தைரியத்தில் பாலியஸ்டரையும் கொதியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். சீருடைக்காரர் கேனில் கொண்டுவந்திருந்த கழிவுத் தண்ணீரை ஆறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆசிட் விட்டேன். பால் திரிந்த மாதிரி வெள்ளையாகப் படிந்தது.

"என்ன சார் இது?"

"உங்க துணி." கரைந்துபோன பாலியஸ்டர், டெரிப்தாலிக் அமிலமாகத் திரும்பி வந்திருந்தது.

ஆகவே, முதலில் தராசு. 10 செ.மீ. சதுரம் வெட்டி, முன்னும் பின்னும் எடை போடுங்கள். பட்டு மாதிரி வழுவழுப்பு வேண்டுமென்று சேலைத் துணியில் எடையை 15, 20 சதவீதம்கூடக் குறைப்பார்கள். தினம் துவைத்து முறுக்கிப் பிழியும் சீருடைக்கு அது எதற்கு? நான் 5 சதவீதத்தைத் தாண்ட விடமாட்டேன். வேகம் கூட்டும் மருந்தை மூடி கணக்கில் ஊற்றாதீர்கள், அப்புறம் நேரக் கணக்கெல்லாம் தப்பிவிடும். முடிந்ததும் அசிட்டிக் ஆசிட் விட்டு அலசுங்கள்.

என்னைக் கேட்டால், சீருடைக்குக் காஸ்டிக்கே வேண்டாம். பாலிஎதிலீன் கிளைகால் கலந்த பாலியஸ்டர் ஃபினிஷ், அதாவது தண்ணீரைப் பரவவிடும் பூச்சு, இருக்கிறது. இழையைப் பிடித்துக்கொள்ளும், துணி மெலியாது. 10 முறை துவைத்தபின் ஒரு சொட்டு நீர் விட்டு, எத்தனை வினாடியில் பரவுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இதையெல்லாம் செய்துவிட்டுக் கடைசித் தண்ணீரில் சாதாரண சிலிகான் சாஃப்ட்னரை ஊற்றுகிறவர்களை என்னவென்று சொல்ல! மறுபடி நீர் ஒட்டாத துணிதான் கையில் மிஞ்சும்.

வீடியோ பார்த்து வீட்டிலேயே முயலும் அம்மாக்களிடம் ஒரு கெஞ்சல். காஸ்டிக் அலுமினியச் சட்டியைத் தின்று ஹைட்ரஜனைக் கிளப்பும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தெறித்துவிட்டால் அந்த நொடியே ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு மருத்துவமனை. தயவுசெய்து வேண்டாம். பிள்ளைக்கு வேர்க்குரு என்றால் உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் ஒன்று போட்டுவிடுங்கள்.