சின்ன ட்ரவுட்டுக்குத் தூண்டில் வாங்கப் போகிறீர்களா? காசை லைனில் போடுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி நீளமான பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "அண்ணே, அடுத்த கிழமை நுவரெலியாவுக்குப் போறன். ட்ரவுட் பிடிக்க இது காணும்தானே?" என்று கேட்டார். ட்ரவுட் என்பது மலைநாட்டுக் குளிர்ந்த ஓடைகளில் இருக்கும் மீன்.

பெட்டியைத் திறந்தேன். ஒன்பது அடித் தடி, கைப்பிடிக்கு மேலே 8 என்ற எண். பளபளவென்று கனமான ரீல். அதில் சுற்றியிருந்த லைனை விரலால் இழுத்துப் பார்த்தால் சுருள் சுருளாக நின்றது, நிமிரவே இல்லை. மூன்று மாதம் சேர்த்த காசு அது. விற்றவர் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, என்ன அளவு மீன் என்பதுதான். அதை யாரும் கேட்கவில்லை.

புறக்கோட்டையில் இருபது வருடமாகத் தூண்டில் சாமான் விற்கிறேன், முறிந்த தடிகளையும் திருத்திக் கொடுக்கிறேன். இறகால் பூச்சி போலக் கட்டிய கொக்கியை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை தூண்டிலை வாங்க வருபவர்களில் அநேகர் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கடலில் மீன் பிடித்துப் பழகியவர்களுக்கு இது இன்னும் சிக்கல். அவர்கள் அறிந்த தூண்டிலில் ஈயமோ இரையோ கனமாக இருக்கும். அது பறக்கும்போது தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை தூண்டிலில் கதை தலைகீழ். கொக்கியில் கட்டிய இறகுப் பூச்சிக்கு எடையே கிடையாது. லைன்தான் கனம், அதுதான் பறந்து போய்ப் பூச்சியைத் தண்ணீரில் வைக்கிறது.

தடியில் இருக்கும் எண்ணும் மீனின் எடையைச் சொல்வதல்ல. லைனின் முன்பகுதி முப்பது அடி எவ்வளவு எடை என்பதைச் சொல்வது. 4ஆம் எண் லைனில் அந்த முப்பது அடி எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. 8ஆம் எண் லைனில் பதின்மூன்றரை கிராமுக்கு மேல். மலைநாட்டு ஓடையில் ஒரு சாண் நீள ட்ரவுட்டுக்கு நேர்மேலே அந்தக் கனம் விழுந்தால் என்ன ஆகும்? அந்தக் குழியில் இருக்கிற மீன் எல்லாம் கல்லுக்கடியில் போய்விடும். தப்பித் தவறி ஒன்று கடித்தாலும், அவ்வளவு விறைப்பான தடி மயிரிழை போன்ற நுனி நூலை அறுத்துவிடும்.

சரி, எந்த எண் வாங்குவது? சின்ன ட்ரவுட் மட்டும்தான் என்றால் 3 அல்லது 4. ஒரே தடியில் நுவரெலியாவின் ஓடையும் வேண்டும், குளமும் வேண்டும் என்றால் 4. நீளம் ஏழரையிலிருந்து எட்டரை அடிக்குள் இருக்கட்டும். மரக்கிளை தாழ்ந்த ஓடையில் ஒன்பது அடித் தடி பற்றைக்குள் மாட்டும்.

கடையில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. ஓடையில் நீங்கள் முப்பது அடி வீசப் போவதில்லை. பதினைந்து, இருபது அடிதான். அப்படியென்றால் லைனின் பாதிக் கனம்தான் தடியின் நுனிக்கு வெளியே இருக்கும். வேகமான, விறைத்த தடி அந்தப் பாதிக் கனத்துக்கு வளையாது. வளையாத தடி லைனைத் தள்ளாது. அதனால் நடுவரைக்கும் வளையும் மெதுவான தடியைக் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த கண்ணாடி இழைத் தடி இந்த வேலைக்கு மிக நல்லது. காபன் தடிதான் உயர்ந்தது என்ற பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே கையில் விறைத்த 4ஆம் எண் தடி இருக்கிறதா? அதில் 5ஆம் எண் லைனைப் போட்டுப் பாருங்கள், கிட்ட வீசும்போது தடி உயிர் பெறும்.

ரீலுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். சின்ன ட்ரவுட் ஓடி ரீலில் லைனை இழுப்பதே அபூர்வம், கையால்தான் லைனைச் சேர்ப்பீர்கள். 'கிளிக் கிளிக்' என்று சத்தம் போடும் எளிய ரீல் போதும். கையில் பத்து ரூபாய் இருந்தால் நாலு ரூபாய் லைனுக்கு, நாலு ரூபாய் தடிக்கு, மிச்சம் ரீலுக்கும் மற்றதுக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிதக்கும் லைன் வாங்குங்கள். இரண்டு முனையும் ஒரே மாதிரி மெலிந்து வரும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது; ஒரு முனை தேய்ந்ததும் திருப்பிச் சுற்றினால் புது லைன் மாதிரி.

அந்த லைனைக் காப்பாற்றுவதும் உங்கள் கையில்தான். நுளம்புக்குப் பூசும் மருந்துகள் பலவற்றில் இருக்கும் டீட் என்ற பொருள் லைனின் பிளாஸ்டிக் பூச்சைக் கரைத்துவிடும். பூசினால் உள்ளங்கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் லைனைத் தொட வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் அதை விடாதீர்கள். ட்ரவுட் லைன் குளிர்ந்த தண்ணீருக்கென்று செய்தது. கொழும்பு மத்தியான வெயிலில் சோறு வடித்த கஞ்சி போலத் தளர்ந்து ஒட்டும்.

லைனுக்கும் பூச்சிக்கும் நடுவில் கட்டும் மெலிந்து போகும் நூலை, லீடர் என்பார்கள், பெட்டியில் வாங்கத்தான் வேண்டுமென்றில்லை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் தங்கூசி போதும். 0.40 மில்லிமீற்றரில் மூன்று அடி, 0.30இல் ஒன்றரை அடி, 0.20இல் ஒரு அடி, கடைசியில் 0.15இல் இரண்டு அடி. ஏழரை அடி வந்துவிடும். ஒவ்வொரு முடிச்சையும் இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த முடிச்சு இறுகும்போது சூடேறி அங்கேயே பலம் குறையும்.

பூச்சி மூன்று வகை இருந்தால் ஒரு வருடம் போகும். 14, 16 அளவு கொக்கியில் தவிட்டு நிற நிம்ஃப் (தண்ணீருக்குள் வாழும் பூச்சிக் குஞ்சு போலக் கட்டியது), மிதக்கும் சாம்பல் நிறப் பூச்சி, சின்னக் கறுப்பு ஊலி பகர் (தண்ணீருக்கடியில் இழுக்கும், வால் வைத்த பூச்சி), அவ்வளவுதான்.

பழைய தடி வாங்குபவர்கள் பையில் கொஞ்சம் பஞ்சு வைத்திருங்கள். அதைத் தடியில் லைன் ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் உரசி இழுங்கள். இழை எங்காவது சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கிறது. அந்த வெடிப்பு உங்கள் புது லைனைத் தின்னும். பிறகு தடியின் இரண்டு துண்டையும் பொருத்தி மெல்ல ஆட்டுங்கள், மூட்டில் 'டக்' என்று சத்தம் வரக்கூடாது. மூட்டு தளர்ந்திருந்தால் மெழுகுதிரியைக் கொஞ்சம் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும்.

அந்தத் தம்பிக்கு நான் அன்று எதையும் விற்கவில்லை. அந்தப் பெட்டியை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். எடுக்கவும் செய்தார்கள், கொஞ்சம் காசு கழித்துக்கொண்டு. அப்புறம் எட்டடி, 4ஆம் எண் கண்ணாடி இழைத் தடி, எளிய ரீல், நல்ல லைன் என்று கட்டினோம். கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டொன்றை நுனியில் முடிந்து, காலிமுகத்திடலில் காற்று எழும்புவதற்கு முன் விடியற்காலையில் புல்லில் வீசிப் பழகச் சொன்னேன். புல்லில் மட்டும். சீமெந்தில் இழுத்தால் லைன் ஒரே நாளில் உரிந்து போகும். ஒரு தட்டை வைத்து, பதினைந்து அடி தள்ளி நின்று, நூல் துண்டு அதற்குள் மெல்ல இறங்கும்வரை வீச வேண்டும். மூன்றாம் நாள் காலை தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, தட்டுக்குள்ள விழுந்துட்டுது" என்றார்.

போகுமுன் இரண்டு விஷயம் சொல்லியனுப்பினேன். நம் மலைநாட்டில் இருக்கும் வானவில் ட்ரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது. ஆனாலும் எந்தத் தண்ணீரிலும் நினைத்தபடி தூண்டில் போட முடியாது. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அந்தப் பக்கம் எண்ணம் இருந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முதலில் கேளுங்கள். மற்ற இடங்களில் தண்ணீருக்குப் பொறுப்பானவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, கொக்கியின் உட்பக்கம் நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். சின்ன மீனை விடும்போது கையை முதலில் தண்ணீரில் நனைத்து, மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக் கொக்கியைத் திருப்பினால் தானாகக் கழன்றுவிடும். நசுக்குவதற்கு அரை நிமிடம் போதும், கடையிலேயே அவருடைய ஆறு கொக்கிக்கும் செய்து கொடுத்தேன்.