கன்டின்ஜென்சி – இடர்க்காப்பு ஒதுக்கீடு

பிரிட்டன் தன் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளைப் புதுப்பிக்க 2015 நவம்பரில் இரண்டு தொகைகளை அறிவித்தது. டிரெட்நாட் வகை நீர்மூழ்கிகள் நான்கை வடிவமைத்துக் கட்ட 3,100 கோடி பவுண்டு. அதற்கு மேல் ‘கன்டின்ஜென்சி’ என்று தனியாக 1,000 கோடி பவுண்டு. இரண்டாவதைத் தமிழில் ‘எதிர்பாராச் செலவு நிதி’ என்று எழுதத்தான் கை போகும். இந்த இடத்தில் அது தவறான சொல்; ‘இடர்க்காப்பு ஒதுக்கீடு’ என்பதே பொருந்தும். இந்தப் பணம் எதிர்பார்த்தே ஒதுக்கப்பட்டது. எந்தெந்த வேலை இழுத்தடிக்கும், எந்தப் பாகம் முதல் முறையில் தேறாமல் போகலாம் என்று பட்டியல் போட்டு, அதற்குக் கணக்குப் பார்த்து ஒதுக்கியது.

லத்தீனில் ‘கொன்டிங்கெரே’ என்றால் வந்து தொடுதல். ‘கொன்’ என்பது உடன், ‘டாங்கெரே’ என்பது தொடுதல். ‘கான்டாக்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். தொடுதல் என்ற பொருள் ஒருவருக்கு வந்து வாய்த்தல், நிகழ்தல் என்று விரிந்தது. பிறகு தருக்கவியலார் கையில் அது இன்னும் கூர்மையானது: கட்டாயம் நடக்கும் என்றும் சொல்ல முடியாது, நடக்கவே நடக்காது என்றும் சொல்ல முடியாது என்ற நிலைக்குப் பெயராயிற்று. தமிழில் ‘நேர்தல்’ இதற்கு மிக அருகில் நிற்கிறது. எதிர்ப்படுதலும் நேர்தல்தான், நிகழ்தலும் நேர்தல்தான். ஆக, மூலச் சொல்லில் ‘எதிர்பாராத’ என்ற பொருளே கிடையாது. ‘நேரக்கூடிய’ என்பதுதான் உண்டு.

‘எதிர்பாரா’ எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? அரசு நிதி வழக்கிலிருந்து. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 267ஆவது உறுப்பு சொல்லும் ‘கன்டின்ஜென்சி’ நிதி, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வருமுன் திடீர்ச் செலவுக்கு முன்பணம் தருவதற்கானது. பின்னால் ஒப்புதல் பெற்று எடுத்ததைத் திருப்பி நிரப்ப வேண்டும். 2021இல் அதன் அளவு 500 கோடி ரூபாயிலிருந்து 30,000 கோடியாக உயர்ந்தது. அதை ‘எதிர்பாராச் செலவு நிதி’ என்பது பொருத்தமே. பிரிட்டனிலும் இப்படியொரு அரசு நிதி தனியாக இருக்கிறது. டிரெட்நாட் ஒதுக்கீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம்மூர்க் கட்டட எஸ்டிமேட்டின் கடைசி வரிகளில் சில விழுக்காடு சேர்ப்பார்களே, அந்தக் ‘கன்டின்ஜென்சி’தான் இதற்கு உறவு.

இந்த ஒதுக்கீட்டைப் போடும் முறை இதுதான். முதலில் இடர்ப் பதிவேடு: ஒவ்வொரு இடருக்கும் பொறுப்பாளர் யார், நேர எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு செலவு. செலவுக்கு ஒரே எண் எழுதுவதில்லை. குறைந்தபட்சம், பெரும்பாலும் ஆகக்கூடியது, அதிகபட்சம் என மூன்று எண்கள். பிறகு கணினியில் திட்டத்தை ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். பாதி ஓட்டங்களில் போதுமானதாக இருக்கும் தொகை ஒன்று, பத்தில் எட்டில் போதுமானதாக இருக்கும் தொகை இன்னொன்று. இத்தகைய இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்ட பணம்தான் ஒதுக்கீட்டுக்கு அடிப்படை.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் ஓரிடத்தில்: இடர்கள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்வதில். நீர்மூழ்கியில் அப்படி எதுவும் தனியாக நிற்காது. டிரெட்நாட்டுக்கான அணு உலை, டெர்பியில் ரோல்ஸ் ராய்ஸ் செய்யும் புதிய ‘பிடபிள்யூஆர் 3’. அது தாமதமானால் நீர்மூழ்கி கட்டும் தளமான பாரோ-இன்-ஃபர்னஸில் உடற்பகுதியை மூட முடியாது. மூட முடியாவிட்டால் அடுத்த படகின் பகுதிகளுக்கு இடமில்லை. அதே பாரோ தளத்தில்தான் அஸ்டியூட் வகைத் தாக்குதல் நீர்மூழ்கிகளும் கட்டப்படுகின்றன. அங்கே ஒன்று தாமதமானால் பற்றவைப்பாளர்களும் இடமும் விடுபடாமல் டிரெட்நாட் காத்திருக்கும். ஏவுகணைப் பகுதி அமெரிக்காவின் கொலம்பியா வகையோடு பொதுவான வடிவமைப்பு. டிரெட்நாட் படகு ஒன்றுக்குப் பன்னிரண்டு ஏவுகணைக் குழல்கள். 2018இல் அந்தக் குழல்களின் பற்றவைப்புகளில் குறை கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பட்டறையில் நேர்ந்த பிழை இரண்டு நாடுகளின் கால அட்டவணையையும் தொட்டது. இடர் என்பதை ‘எதிர்பாராதது’ என்று எழுதினால் இந்தச் சங்கிலி முழுவதும் யாருடைய பொறுப்பும் இல்லாத விபத்தாகிவிடும். எனக்கு இந்தச் சொல்லில் உள்ள மனக்குறையே அதுதான்.

சாவி யாரிடம் என்பது அடுத்த கேள்வி. 1,000 கோடி பவுண்டும் பாதுகாப்பு அமைச்சகம் நினைத்தபோது எடுக்கும் பணமல்ல. நிதி அமைச்சகமான டிரெஷரி ஒப்ப வேண்டும். 2018 மார்ச்சில் முதல் பெரிய எடுப்பாக 60 கோடி பவுண்டு, 2018–19 நிதியாண்டுக்கு விடுவிக்கப்பட்டது. வேலைகளை முன்கூட்டியே செய்து பிற்காலத் தாமதத்தையும் செலவையும் தவிர்ப்பதே அதன் நோக்கம். எந்த விபத்தும் நடக்கவில்லை. இடர் நேருமுன் அதைக் குறைக்கப் பணம் போட்டார்கள். ‘காப்பு’ என்ற சொல் இங்கேதான் பொருந்துகிறது. நல்ல நடைமுறைதான். ஆனால் எடுத்த பணத்தால் எந்த இடர் எவ்வளவு குறைந்தது என்று பதிவேட்டில் காட்டாவிட்டால், ஒதுக்கீடு இரண்டாவது பட்ஜெட்டாக மாறிவிடும்.

எண்களை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியது விலை அடிப்படை. 2006 டிசம்பர் வெள்ளை அறிக்கை, மொத்தம் 1,500 முதல் 2,000 கோடி பவுண்டு என்றது. அது 2006–07 விலையில். நீர்மூழ்கி, அணுக்குண்டு, தள வசதி மூன்றும் அதில் அடக்கம். 2015இன் 3,100 கோடி, திட்டம் முடியும்வரையிலான பணவீக்கத்தையும் சேர்த்துச் சொன்னது. புதிய குண்டு அதில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘இரு மடங்கானது’ என்று எழுதுவதும் தவறு, ‘பணவீக்கம் மட்டும்தான்’ என்று மழுப்புவதும் தவறு. நிலை விலை (பணவீக்கம் சேராதது) எது, நடப்பு விலை (பணவீக்கம் சேர்ந்தது) எது என்று சொல்லாமல் எந்த எண்ணையும் எழுதக் கூடாது.

பிரிட்டன் நாடாளுமன்றம் இருமுறை வாக்களித்தது: 2007 மார்ச்சில் 409க்கு 161, 2016 ஜூலையில் 472க்கு 117. இரண்டுமே கொள்கைக்கான வாக்குகள். அதற்கிடையில் மேற்பார்வைக்கு முக்கியமான ஒரு மாற்றம் நடந்தது. பழைய முறையில் வடிவமைப்பு முதிர்ந்ததும் ‘மெயின் கேட்’ என்ற ஒரே பெரிய ஒப்புதல் உண்டு. அங்கே விலையும் நாளும் உறுதியாகும். பின்னர் தணிக்கையாளர்கள் அதை வைத்து அளப்பார்கள். இவ்வளவு பெரிய, சிக்கலான திட்டத்துக்கு அது ஒவ்வாது என்று 2015இல் கைவிட்டு, கட்டம் கட்டமாக ஒப்புதல் தரும் முறைக்குப் போனார்கள். பொறியியல் நோக்கில் இதற்கு நியாயம் இருக்கிறது: முழுமையடையாத வரைபடத்துக்கு உறுதி விலை கேட்டால் பொய்யான எண்தான் கிடைக்கும். ஆனால் ஒப்பிட்டு அளக்க ஒரே அடிப்படை எண் இல்லாதபோது, ஒதுக்கீட்டில் எவ்வளவு கரைந்தது என்பதே வெளியார் பிடிக்கக்கூடிய அளவுகோல். அதனால்தான் அந்த ஒரு எண்ணை ஆண்டறிக்கைகளில் தேடிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

ஒதுக்கீட்டுக்கு வெளியே இருப்பவைதான் அதிகம் கசிந்தன. பர்க்ஃபீல்டில் அணுக்குண்டுகளைப் பூட்டவும் பிரிக்கவும் கட்டப்பட்ட ‘மென்சா’ கூடத்தின் செலவு 73.4 கோடி பவுண்டிலிருந்து 180.6 கோடிக்கு ஏறியது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2020 ஜனவரியில் சொன்னது. டெர்பியின் உலை எரிபொருள் கூடம், பாரோவின் கட்டுமானக் கூடம் இரண்டையும் சேர்த்தால், மூன்று திட்டங்களிலும் கூடிய தொகை 135 கோடி. முக்கியக் காரணம் எளியது: வடிவமைப்பு முதிருமுன் கட்டடம் எழுப்பத் தொடங்கினார்கள். அணு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட இடத்தில் ஒரு சுவரைத் திருத்த வேண்டுமானாலும் பாதுகாப்பு ஆவணங்களைத் திருத்தி மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் அதே அலுவலகம், அடுத்த பத்தாண்டுகளுக்கான பாதுகாப்பு அமைச்சக அணுப் பிரிவின் செலவு மதிப்பீடு ஓராண்டில் 3,820 கோடி பவுண்டு, அதாவது 62 விழுக்காடு கூடியதாகக் காட்டியது.

காலத்துக்கும் இதே ஒதுக்கீடு தேவை. அதைத் தமிழில் ‘கால இருப்பு’ எனலாம். இத்திட்டத்தில் வற்றியது அதுதான். முதல் படகு 2024இல் பணியில் சேரும் என்றது 2006 அறிக்கை. 2010இல் அது 2028 ஆயிற்று. 2015இல் ‘2030களின் தொடக்கம்’. 25 ஆண்டுகளுக்கென்று கட்டிய வான்கார்ட் வகைப் படகுகள் அந்த இடைவெளியைச் சுமக்கின்றன. எச்எம்எஸ் வான்கார்ட் 2015 டிசம்பரில் டெவன்போர்ட் தளத்துக்குள் பெரும் பராமரிப்புக்குப் போய் 2023இல்தான் வெளியே வந்தது. அதுவரை மூன்று படகுகளை வைத்தே 1969 முதல் இடைவிடாமல் நடக்கும் அணு ஏவுகணைக் கடற்காவலைத் தொடர வேண்டியிருந்தது. சில பயணங்கள் ஐந்து, ஆறு மாதங்கள் வரை நீண்டன. பண ஒதுக்கீட்டை டிரெஷரி கூட்டலாம். கால இருப்பு தீர்ந்தால் அதை ஈடுசெய்வது பழைய உடற்கூடுகளும், அவற்றுக்குள் மாதக்கணக்கில் இருக்கும் மாலுமிகளும்தான்.