தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தையும் கணக்கில் எடுங்கள்

இரத்த அழுத்தத்துக்கு உணவு ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம், முந்தைய நாள் சாப்பிட்டதை எழுதித் தரச் சொல்வேன். ‘டம்ப்ளிங் எட்டு’ என்று எழுதுவார்கள். டம்ப்ளிங் என்பது மாவுக்குள் பூரணம் வைத்த, நம் கொழுக்கட்டை போன்ற பண்டம். தொட்டுக்கொண்ட சாஸை எழுத மாட்டார்கள். கேட்டால், “அது கொஞ்சம்தானே” என்பார்கள். எனக்குக் கவலை தருவது அந்தக் கொஞ்சம்தான்.

சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உப்பில் இருந்து இரத்த அழுத்தத்தைக் கூட்டுவது இதுதான். பெரியவர்களுக்கு நாள் முழுவதற்குமே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டம்ப்ளிங்கின் பூரணத்தில் உப்பும் சோயாவும் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. தொட்டுக்கொள்வதிலும் சோயாவே முதன்மையாக இருக்க வேண்டியதில்லை.

வட சீனத்தில் ஜியாவ்ஸி என்ற டம்ப்ளிங்குக்கு வினிகர்தான் உயிர். வெறும் வினிகரோடு சாப்பிடுகிறவர்களும் அங்கே உண்டு. ஷான்ஸி மாகாணத்தில் சோளத்தை நொதிக்கவைத்து, முதிரவிட்டு வினிகர் எடுக்கிறார்கள். கிழக்கே ஜென்ஜியாங்கில் பசையுள்ள அரிசியிலிருந்து கருவினிகர் வருகிறது. சந்திர ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாளில் உரித்த பூண்டை வினிகரில் ஊறப்போட்டு, புத்தாண்டு ஜியாவ்ஸியோடு எடுப்பார்கள். பூண்டு பச்சை நிறமாகிவிடும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

இருவருக்கு நான் சொல்லும் அளவு இது: கருவினிகர் மூன்று மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒன்று, வெந்நீர் ஒன்று, சர்க்கரை ஒரு சிட்டிகை, மெல்லிய இழைகளாக நறுக்கிய இஞ்சி. கருவினிகர் கிடைக்காவிட்டால் அரிசி வினிகர் போதும். ‘சிந்தெடிக்’ என்று அச்சிட்ட வெள்ளை வினிகரில் காரமான புளிப்பு மட்டுமே இருக்கும். அதைப் பாதியாகக் குறைத்து வெந்நீரைக் கூட்டுங்கள். சீனர்கள் சேர்ப்பது வறுத்த எள்ளின் எண்ணெய். நம் நல்லெண்ணெயில் அந்த மணம் வராது. ஒரு தேக்கரண்டி எள்ளை வறுத்து இடித்துத் தூவினால் வரும். உப்புக் குறைத்த சோயா வாங்கும் சிறுநீரக நோயாளிகள் லேபிளைப் படித்தே ஆக வேண்டும். சிலவற்றில் உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். அந்தப் பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

இனி பூண்டு எண்ணெய். வினிகரில் ஊறும் பூண்டைப் புளிப்பு காக்கிறது. எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டுக்கு அந்தக் காவல் இல்லை, காற்றும் புகாது. பொட்டுலிசம் என்ற, நரம்புகளை முடக்கும் கொடிய நோய்க்கான நச்சை உண்டாக்கும் கிருமிக்கு அது ஏற்ற இடம். 1985இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்டு வைத்த நறுக்கிய பூண்டால் 36 பேர் இந்த நச்சுக்கு ஆளானார்கள். மணத்திலோ சுவையிலோ தெரியாமலே போகலாம். ஜாடி நிறையச் செய்து அடுப்பு மேடையில் வைக்கும் பழக்கத்தை, தயவுசெய்து, விட்டுவிடுங்கள். மிளகாய் எண்ணெயைக் காய்ந்த மிளகாயில் மட்டும் செய்து வையுங்கள். பூண்டைச் சாப்பிடும் நேரத்தில் நசுக்கிச் சேருங்கள். கிண்ணத்தில் மிஞ்சியதை அன்றே கொட்டிவிடுங்கள்.