முதலில் போவது வயர்தான்

என் மேசை இழுப்பறையில் மூன்று ஹெட்செட்டுகள் செத்துக் கிடக்கின்றன. ஒன்றில் வலது காது கேட்காது. வயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்துக்கொண்டால் மட்டும் கேட்கும். இன்னொன்றின் காது மெத்தை கருப்புப் பொருக்காக உதிர்ந்து, அணிந்தவர் கன்னமெல்லாம் ஒட்டும். மூன்றாவதில் தலைவளையம் காதுக்கூட்டைத் தாங்கும் இடத்தில் விரிசல் விட்டு இரண்டாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் திறந்து, உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்களைத் தனித்தனியாக இணைத்துப் பார்த்தேன். ஆறும் பாடின.

அக்கா மகன் வந்து, “மாமா, ஒரே ஹெட்செட்தான் வாங்க முடியும். பகலில் பாட்டு மிக்ஸிங், இரவில் கேம். ஐந்து வருடமாவது உழைக்க வேண்டும்” என்றபோது அவன் கையில் ஒரு பட்டியல் இருந்தது. 50 மில்லிமீட்டர் ஸ்பீக்கர், 10 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை, 7.1 ஒலி என்று எண்களாக எழுதி வைத்திருந்தான். மனிதக் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான்; என் வயதில் மேல் எல்லை அதைவிடக் கீழே இறங்கிவிட்டது. 40,000 ஹெர்ட்ஸ் வீட்டு வௌவாலுக்குப் பயன்படலாம். அதை விடவும் முக்கியமான குறை ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தது. அதிலிருந்த எண்கள் எல்லாம் சாகாத பாகத்தைப் பற்றியவை. நான் இழுப்பறையைத் திறந்து காட்டினேன்.

ஸ்பீக்கர் ஏன் எளிதில் சாவதில்லை? அதன் உள்ளே ஒரு நிலைக்காந்தம் இருக்கிறது. காந்தத்தின் குறுகிய இடைவெளியில், மயிரிழை போன்ற கம்பியால் சுற்றிய சிறு சுருள் தொங்குகிறது. சுருளோடு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒட்டியிருக்கிறது. பாட்டு மின்னோட்டமாகச் சுருளில் ஓடும்போது காந்தப்புலம் சுருளை முன்னும் பின்னும் தள்ளுகிறது, சவ்வு காற்றைத் தள்ளுகிறது, காது கேட்கிறது. உரசித் தேய எதுவும் இல்லை. சவ்வு அசையும் தூரமும் மிகச் சிறியது. பெர்லினில் ஆய்கன் பையர் 1937 இல் இந்த அமைப்பில் டிடி 48 என்ற ஹெட்போனைச் செய்தார். அந்த மாதிரி 2012 வரை தயாரிப்பில் இருந்தது. காந்தமும் சவ்வும் இன்று மேம்பட்டிருக்கின்றன, வேலை செய்யும் விதம் மாறவில்லை.

வயரின் கதை வேறு. கையில் இடுக்கி இல்லாதபோது கட்டுக்கம்பியை எப்படி முறிப்போம்? ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் மடக்குவோம். ஏழெட்டு மடக்கில் பட்டென்று போய்விடும். ஒவ்வொரு மடக்கிலும் வளைவின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது. அப்போது உண்டாகும் நுண்விரிசல் அடுத்தடுத்த மடக்கில் வளர்கிறது. பொறியாளர்கள் இதை உலோகச் சோர்வு என்பார்கள். ஹெட்செட்டில் இது நடப்பது இரண்டு இடங்களில்: வயர் காதுக்கூட்டுக்குள் நுழையும் வாயிலும், கருவியில் செருகும் ஜாக்கின் கழுத்திலும். வயரின் மற்ற பகுதி எங்கும் தாராளமாக வளையலாம். அந்த இரண்டு இடங்களில் மட்டும் மடிப்பு ஒரே புள்ளியில் விழுகிறது.

கம்பியின் பருமனை வளைவின் ஆரத்தோடு ஒப்பிட்டால், வெளிப்பக்கம் எவ்வளவு நீள்கிறது என்பது தெரிந்துவிடும். 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளையும் 1 மில்லிமீட்டர் கம்பியின் வெளிப்பக்கம் ஏறக்குறைய 10 சதவீதம் நீள வேண்டும். தாமிரம் அதைச் சில தடவைதான் பொறுக்கும். அதே வளைவில் 0.1 மில்லிமீட்டர் இழைக்கு 1 சதவீதம் போதும். கயிற்றில் பல புரிகள் இருப்பது போல வயருக்குள் மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்குவது இதனால்தான். பழைய தொலைபேசி வயர்களில் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள்: நூலின் மேல் காகிதம் போன்ற தாமிரப் பட்டையைச் சரிகை மாதிரி சுற்றிவிடுவார்கள். இழுவையை நூல் தாங்கும், மின்சாரத்தைத் தாமிரம் கடத்தும். இந்தச் சரிகை வயர் ஹெட்போன்களுக்கும் வந்தது. ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டர் வைப்பதுதான் நரகம், நூல் கருகிவிடும்.

வயர் நுழையும் வாயில் இருக்கும் ரப்பர்க் கழுத்துக்கு அழகைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. மடிப்பை ஒரு புள்ளியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குப் பரப்புவதே அந்த வேலை. கடையில் அதை விரலால் வளைத்துப் பாருங்கள். மரக்கட்டை போல விறைப்பாக இருந்தால் மடிப்பு அதன் விளிம்புக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இவற்றை எல்லாம் விடச் சிறந்த தீர்வு, கழற்றி மாட்டக்கூடிய வயர். அது எப்படியும் ஒரு நாள் சாகும்; சாகும்போது ஹெட்போனையும் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்தால் சரி.

காது மெத்தைக்கு வருவோம். ரெக்சின் போலத் தோன்றும் அந்த உறை பெரும்பாலும் துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். பாலியூரித்தேனில் ஒரு வகை, எஸ்டர் பிணைப்புகளால் ஆன நீண்ட சங்கிலிகளைக் கொண்டது. தண்ணீர் மூலக்கூறு அந்தப் பிணைப்பை வெட்டும், வேதியியலில் நீராற்பகுப்பு. வெட்டும்போது அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் அடுத்த வெட்டை விரைவுபடுத்துகிறது. வெப்பமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சென்னை போன்ற கடற்கரை ஊரில் காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது, காதோரம் வியர்வையும் இருக்கிறது. நம்மில் பலர் செய்யும் தவறு, ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று ஹெட்செட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது. புழுக்கத்தில் அது உள்ளேயே உதிரும். பீரோவில் பொத்தி வைத்த ஷூவின் அடிப்பாகம் கல்யாணத்துக்குப் போட்ட அன்று பொடிந்து கொட்டுவதும் இதே வேதியியல்தான்.

இசைத்துறை இந்த வேதியியலிடம் ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டிருக்கிறது. 1970கள், 80களில் வந்த பல ஒலிநாடாக்களில் காந்தத் தூளை நாடாவோடு ஒட்டவைத்தது பாலியூரித்தேன் பசை. ஈரம் பட்டு அது பிசுபிசுத்துப்போனது; ஓடவிட்டால் நாடா கருவியில் ஒட்டிக்கொண்டு கீச்சிடும். பதிவுக்கூடங்கள் இன்றும் அத்தகைய நாடாக்களை இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்து, ஈரம் போன பிறகே ஒருமுறை ஓடவிட்டுப் படியெடுக்கின்றன. காது மெத்தைக்கு அந்த மருத்துவமும் கிடையாது. உதிர்ந்தது உதிர்ந்ததுதான்.

மெத்தை போனால் தோற்றம்தானே கெடுகிறது, பாட்டுக்கு என்ன என்று நினைக்கலாம். கடம் வாசிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் வாசிப்பார். அதற்கேற்ப அடிநாதம் மாறும். மூடிய ஹெட்போனில் உங்கள் காதும் மெத்தையும் சவ்வும் சேர்ந்து ஒரு சின்ன அறையை உண்டாக்குகின்றன. 50 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியில் சவ்வு மெதுவாக அசைகிறது. சந்து இருந்தால் காற்று அதன் வழியாக நழுவ நேரம் கிடைக்கிறது, அழுத்தம் உருவாவதே இல்லை. மேல் ஒலிகளுக்கு அந்தத் தொல்லை குறைவு, காற்று தப்பிக்கும் முன்பே திசை மாறிவிடும். ஆகவே மெத்தை அமுங்கித் தேயும்போது முதலில் காணாமற்போவது பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி. மூக்குக்கண்ணாடியின் காம்பு போடும் சந்தும் இதையே செய்கிறது.

குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங் செய்பவருக்கு இது வெறும் வசதிக் குறைவு இல்லை. மெத்தை ஒரே நாளில் தேய்வதில்லை, ஆகவே அவருக்குத் தெரியாது. பாஸ் குறைவாகக் கேட்கிறது என்று ஒவ்வொரு பாட்டிலும் சிறிது ஏற்றுவார். வேறு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கும் நண்பர் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்பார். புது மெத்தை தனியாகக் கிடைக்கும் மாதிரியை வாங்கு என்று நான் சொல்வது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. வெல்வெட் போன்ற துணி மெத்தை பொருக்கு விடாது, காதும் வேர்க்காது. ஆனால் அது வெளிச்சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது.

தலைவளையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கில் கூர்மையான உள்மூலை இருக்கும் இடத்தில் இழுவிசை குவிகிறது, விரிசல் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்பிரிங் போல வளைந்து மீளும் எஃகுப் பட்டை வைத்தது, திருகு வெளியே தெரிவது, இரண்டும் நல்ல அறிகுறிகள். ஒட்டிய இடம் பிரிந்தால் கதை முடிந்தது. திருகிய இடத்தைப் பிரித்துச் சேர்க்கலாம்.

வயரே வேண்டாம், புளூடூத் வாங்கிக்கொள்கிறேன் என்றான் மருமகன். வயர் போய்விடும் என்பது உண்மை, அந்த இடத்துக்கு லித்தியம் பேட்டரி வந்து உட்காரும். சில நூறு முறை சார்ஜ் ஏற்றிய பிறகு அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும், வெயிலும் சூடும் அதை இன்னும் விரைவுபடுத்தும், பெரும்பாலான ஹெட்செட்டுகளில் அதைப் பயனர் மாற்றவே முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய சட்டப்படி 2027 பிப்ரவரி முதல் இத்தகைய பேட்டரிகளைப் பயனரே கழற்றும்படி செய்ய வேண்டும். அதன் பலன் இங்கும் வந்து சேரலாம்.

அதற்கு முன் ஒலியில் ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கமான புளூடூத் ஹெட்செட்டில் மைக்கைத் திறந்தவுடன் இணைப்பு தொலைபேசி முறைக்கு மாறுகிறது. இரு காதுக்கும் தனித்தனியாக வந்த ஒலி ஒன்றாகிவிடும்; ஒலியின் அளவு நொடிக்கு 16,000 தடவை, பழைய முறையில் 8,000 தடவைதான் எடுக்கப்படும். அந்த எண்ணிக்கையில் பாதி ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி தேறும். முன்னதில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல், பின்னதில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. விளையாட்டில் கூட்டாளியோடு பேசத் தொடங்கிய நொடியில் எதிரியின் காலடி எந்தப் பக்கம் என்பது போய்விடும். தாமதம் வேறு. அது பல கருவிகளில் நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் 34 மீட்டர் போய்விடும். கீபோர்டை இங்கே அழுத்தி, தெருமுனையிலிருந்து வரும் ஒலிக்குத் தாளம் போடுவது போலத்தான். தனி யுஎஸ்பி செருகியோடு வரும் விளையாட்டு ஹெட்செட்டுகளில் தாமதம் மிகக் குறைவு, புதிய புளூடூத் தரம் மைக் சிக்கலையும் சரிசெய்யப் பார்க்கிறது. பேட்டரி அப்படியே இருக்கிறது.

7.1 என்றதும் எட்டு ஸ்பீக்கர் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் இரண்டுதான் இருக்கும், மீதி மென்பொருளின் கணக்கு. நமக்கும் காது இரண்டுதான். பக்கவாட்டில் எழும் ஒலி ஒரு காதை மற்றதைவிட அதிகபட்சம் ஏறக்குறைய 0.6 மில்லிநொடி முன்னதாக அடைகிறது. மேல் ஒலிகளைத் தலை மறைப்பதால் எதிர்க்காதில் அவை சற்று மங்கலாக விழுகின்றன. இந்த இரண்டு குறிப்புகளையும் வைத்து மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது என்று இயற்பியலாளர் ராலே பிரபு 1907 இலேயே எழுதிவிட்டார். விளையாட்டின் மென்பொருள் அந்தத் தாமதத்தையும் மங்கலையும் கணக்கிட்டு ஒலியில் சேர்க்கிறது. அதைக் கேட்க, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கும் நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் போதும். பாட்டு மிக்ஸிங்குக்கு வேண்டியதும் அதுவே என்பதால்தான் மருமகன் கேட்ட இரண்டு வேலைக்கும் ஒரே கருவி சாத்தியம்.

மின்தடையைச் சொல்லும் ஓம் மதிப்பையும் பார்க்க வேண்டும். மடிக்கணினி 1 வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போன் 31 மில்லிவாட் வாங்கிக்கொள்ளும். 250 ஓம் ஹெட்போனுக்கு 4 மில்லிவாட்தான் போகும். அதற்கு ஒலியைப் பெருக்கித் தரும் தனி ஆம்ப் வேண்டியிருக்கும். பாடகர் குரல் பதிவு செய்யும் வீட்டில் காதுக்கூட்டின் வெளிப்பக்கம் மூடிய வகைதான் சரி. திறந்த வகையில் தாளச் சத்தம் கசிந்து மைக்கில் விழும்.

கடைசியில் அவனுக்கு மூன்று பெயர் சொன்னேன். 1991 முதல் வரும் சோனி எம்டிஆர்-7506, வயர் கழற்ற முடியாது, மெத்தை எளிதில் கிடைக்கும். ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ், 38 ஓம், வயரைக் கழற்றலாம். 1988 முதல் வரும் சென்ஹைசர் எச்டி 25, காதின் மேல் அழுத்தி உட்காரும், நெடுநேர விளையாட்டுக்கு வலிக்கும். ஆனால் அதன் பாகங்களைச் சால்டர் இல்லாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றலாம். எதிலும் மைக் கிடையாது. மேசையில் தனி மைக் வைத்துக்கொள்ளட்டும், பாட்டுக்கும் ஆகும். அவன் இரண்டாவதை எடுத்தான். இழுப்பறையிலிருந்த முதல் ஹெட்செட்டுக்குச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் புது ஜாக் வாங்கி நானே வைத்தேன். அது இப்போது இரண்டு காதிலும் கேட்கிறது.

ஸ்பீக்கரே போய்விட்டது என்று நான் நம்பியது ஒரே ஒரு தடவைதான். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், ஒலிக்கும்போதெல்லாம் இடது காதில் ஈ பறப்பது போல ஒரு இரைச்சல். மெத்தையையும் உள்ளிருந்த பஞ்சையும் எடுத்து, விளக்கைக் காட்டிப் பார்த்தேன். சவ்வின் மேல் ஒரே ஒரு தலைமுடி கிடந்தது, நுனி சவ்வைத் தொட்டுக்கொண்டு. ஒட்டுநாடாவின் முனையால் எடுத்தேன், ஈ போய்விட்டது. முடியின் நீளத்தைப் பார்த்தால் என்னுடையது இல்லை. வீட்டில் இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.