திறப்பை (சாவியை) கொடுக்க முன் இதை வாசியுங்கள்: கொன்றாக்காரரின் பாக்கியும் உங்கள் காணியும்

யாழ்ப்பாணத்தில் வீட்டு வேலைக் கணக்கில் தகராறு வந்தால் கொன்றாக்காரர் (ஒப்பந்தம் எடுத்து வீடு கட்டுபவர்) வழக்கமாக ஒன்று சொல்வார்: "காசு வரும்வரை உங்கட காணியை விக்க விடமாட்டன்." கனடாவில் இருக்கும் உரிமையாளர்கள் இதைக் கேட்டதும் நடுங்கிப்போகிறார்கள். அங்கே கட்டுபவர் தன் பாக்கியை வீட்டின் மேல் பதியலாம். இங்கே அப்படி ஒரு பதிவு இல்லை. காணியை ஈடு வைக்கவோ கைமாற்றவோ 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். முத்திரை ஒட்டி எழுதிய கடிதம் காணியைக் கட்டுப்படுத்தாது.

ஆனால் அவருக்கு வேறொரு பிடி இருக்கிறது. ரோமன் டச்சுச் சட்டப்படி, கட்டடத்தைத் தன் கைவசம் வைத்திருப்பவர் செலவுக் காசு தீரும்வரை அதை விடாமல் வைத்திருக்க உரிமை கேட்கலாம். கைவசம் போனால் அந்த உரிமையும் போய்விடும். கைவசம் மெல்ல மெல்லத்தான் மாறும்: முதலில் சீமெந்து வைக்க ஓர் அறை கேட்பார்கள். அப்புறம் மேசன்மார் இரவில் தங்குவார்கள். கடைசியில் கேற்றில் தொங்குவது அவருடைய பூட்டாக இருக்கும். திறப்பில் ஒன்றாவது உங்கள் ஆளிடம் இருக்கட்டும், அவரும் கிழமைக்கு ஒருமுறையாவது வளவுக்குள் போய்வரட்டும். "வேலைக்காக மட்டுமே உள்ளே வருகிறேன், கட்டடம் உரிமையாளர் கைவசமே" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

பூட்டு விழுந்துவிட்டால் அலைச்சல்தான். பொலிஸில் "இது சிவில் பிரச்சினை" என்பார்கள். கிராம சேவகர் பிரதேச செயலகத்தைக் காட்டுவார், அங்கே இணக்க சபைக்குப் போகச் சொல்வார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள், நாள் மட்டும் ஓடிவிடும். இந்த நாள்தான் முக்கியம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் காணித் தகராறு போனால், ஆரம்ப நீதிமன்றம் உறுதி யாருடையது என்று தீர்ப்பதில்லை. தகராறு பற்றிய தகவல் நீதிமன்றத்தில் தாக்கலான அன்று யார் கைவசம் இருந்தது என்றுதான் பார்க்கும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், அது தாக்கலுக்கு முந்திய 2 மாதத்துக்குள் நடந்திருந்தால்தான் இந்த வழியில் கைவசத்தைத் திரும்பப் பெறலாம். பொலிஸ் தாக்கல் செய்யாவிட்டால் நீங்களே சட்டத்தரணி மூலம் செய்யலாம். இணக்க சபைத் திகதிக்காகக் காத்திருந்து இந்த 2 மாதத்தை விட்டுவிடாதீர்கள்.

"பாக்கிக்குப் பிணையாக" என்று சொல்லி நிபந்தனைக் கிரயத்தில் (காசைக் கொடுத்தால் காணியைத் திருப்பித் தருவதாக எழுதும் விற்பனை உறுதியில்) ஒருபோதும் கையெழுத்து வைக்க வேண்டாம். அது பிணையல்ல, விற்பனை. வெற்றுத் தாளிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

காணிப் பதிவகத்தில் அவர் ஏதோ "போட்டுவிட்டார்" என்று கேள்விப்பட்டால், ஆளைக் கேட்காமல் பதிவேட்டின் பிரதியை எடுங்கள். அது கேவியற் என்றால், காணி தொடர்பான உறுதி பதிய வரும்போது தனக்கு அறிவிக்கக் கேட்கிறார், அவ்வளவுதான். உங்கள் வீட்டின் மேல் கடன் ஏறிவிடவில்லை. ஆனாலும் வாங்க வந்தவர் பயந்து ஓடுவார், ஆகவே அந்தப் பிரதியை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பழைய பாக்கி என்று வருபவரிடம் திகதி கேளுங்கள். காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, செய்த வேலைக்கும் கூலிக்குமான வழக்கை 1 வருடத்துக்குள் போட வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 6 வருடம். உண்மையாகவே கொடுக்க வேண்டியிருந்தால் கொடுங்கள், அது வேறு கதை. கடைசித் தவணையை மட்டும், "கட்டடத்தை ஒப்படைத்தேன், பாக்கி இல்லை, கூலியாட்களுக்கும் சாமான் கடைக்கும் நானே பொறுப்பு" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே கொடுங்கள்.