தலைமதகில் ஓர் ஊசி

திருவையாற்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மேல்பல்லைப் பிடுங்கியபோது பல்லுக்குப் பக்கத்திலேயே ஊசி போட்டார்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு மட்டும் ஊசி வாயின் கோடிக்குப் போனது. பாதி உதடும் நாக்கும் சேர்ந்து மரத்துவிட்டன. ஏன்?”

மேல்தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. பல்லருகே விட்ட மருந்து ஊறி வேரைத் தொட்டுவிடும். பெரியவர்களின் கீழ்த்தாடையோ கடைவாய்ப் பக்கம் தடித்து இறுகியது; மருந்து எளிதில் ஊறாது.

அப்புறம்தான் அழகே. கீழ்ப்பற்களின் நரம்பு, தாடையின் பின்பக்கம் மேலேறும் தகட்டின் உட்புறத்தில் ஒரு துளை வழியாக எலும்புக்குள் புகுகிறது. உள்ளேயே ஓடி, வேர்வேராகக் கிளை கொடுத்து, கடைசியில் ஒரு பிரிவு வெளியே வந்து கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் போகிறது. டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்! தலைமதகை இறக்கினால் கடைமடை வரை தண்ணீர் நின்றுவிடும். துளைக்குச் சற்று மேலே போடும் இந்த ஊசியும் மதகை இறக்குகிற வேலைதான். உதடுதான் கடைமடை. அது மரத்துப்போனால் மதகு இறங்கிவிட்டது என்று மருத்துவருக்குத் தெரியும். நாக்கின் நரம்பு துளைக்குச் சற்று முன்னால் ஓடுவதால் அதையும் மருந்து தொட்டுவிடுகிறது.

ஆனால் அந்தத் துளை கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலால் அந்த மேலேறும் தகட்டின் முன்விளிம்பைத் தடவி இடம் பிடித்து, ஊசியை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே விட வேண்டும். நுனி எலும்பைத் தொட்டதும் சற்றுப் பின்வாங்கி, ரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்த பிறகே மருந்து. சிறு குழந்தைகளுக்குத் துளை தாழ்ந்திருக்கும். வளர வளர மேலேறிவிடும்.

மாயவரத்தில் என் அக்கா மகள் பல் மருத்துவ மாணவி. ஒரு தாடை எலும்பைக் கொடுத்து, துளைக்குள் ஈர்க்குச்சியை விடச் சொன்னேன். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனதும், “மாமா, இதைத்தான் முதல் வருஷம் மனப்பாடம் பண்ணினேனா!” என்றாள். சிக்கலே அங்கேதான். உடற்கூறியல் முதலாண்டில், நோயாளி வாயில் கை வைப்பது மூன்றாம் ஆண்டில். கெடாமலிருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் ஏற்றிய சடலத்தில் தாடை விறைத்து வாய் திறக்காது, அதில் ஊசி பழக வழியில்லை. இன்று கணினித் திரையில் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், நல்லதுதான். ஆனால் விரலுக்கு அங்கே என்ன தட்டுப்படும்? ஆஸ்திரியாவில் வால்டர் தீல் உருவாக்கிய முறையில் பதப்படுத்தினால் உடல் உயிருள்ளதுபோல் வளைந்துகொடுக்கும். செலவு கூடும். கூடினாலும் அரசு அந்தப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். நாமும் உடற்கொடைக்குத் தயங்கக் கூடாது.

மேல்பல்லைப் பிடுங்கினால் பார்வை போகும் என்று சொல்லிப் பல்வலியோடு வாழும் பெரியவர்களைக் கும்பகோணத்துத் தெருக்களில் இன்னும் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. பார்வை நரம்பு மண்டையின் இரண்டாம் நரம்பு, பல்லின் நரம்பு ஐந்தாவது. இரண்டும் வேறு வேறு ஆறுகள்.

சரி, திருவையாற்று வாசகருக்கு: உதடு மரத்திருப்பது மூன்று முதல் ஐந்து மணி நேரம். அதுவரை சூடான காபி வேண்டாம். குழந்தைகள் என்றால் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள், பக்கத்திலேயே இருங்கள்.