டெலஸ்கோப்பில் எதுவும் தெரியவில்லையா? முதலில் சிவப்புப் புள்ளியைச் சரிபாருங்கள்

புதிதாக டெலஸ்கோப் வாங்கியவர்கள் "இது வேலை செய்யவில்லை" என்று சொல்லிக் கொண்டுவரும் கருவிகள் பலவற்றில் கண்ணாடியிலோ லென்ஸிலோ ஒரு குறையும் இருப்பதில்லை. குழாய் ஒரு திசையைப் பார்க்கும். மேலே இருக்கும் ரெட் டாட் ஃபைண்டர், அதாவது சிவப்புப் புள்ளியை வைத்துக் குறிபார்க்க உதவும் சின்னக் கருவி, வேறொரு திசையைக் காட்டும். சிக்கல் அவ்வளவுதான். 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியநீளமும் உள்ள டெலஸ்கோப்பில் சாதாரண 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 26 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும், சுமார் 2 பாகை வானம் தெரியும். 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 65 மடங்கு, வெறும் 0.8 பாகை. முழு நிலவின் அகலமே அரைப் பாகைதான். ஆக, ஃபைண்டர் ஒரே ஒரு பாகை விலகியிருந்தாலும் 10 மி.மீ. ஐபீஸில் சனி அகப்படாது. எவ்வளவு நேரம் தேடினாலும் வெறும் இருட்டுதான்.

ரெட் டாட் ஃபைண்டருக்குள் இருப்பது லேசர் இல்லை. பின்பக்கம் ஒரு சின்ன சிவப்பு எல்இடி, முன்பக்கம் லேசாக வளைந்த ஒரு கண்ணாடி. எல்இடியின் ஒளி கண்ணாடியில் பட்டு இணைக்கதிர்களாகத் திரும்பி நம் கண்ணுக்கு வருவதால், புள்ளி வானத்திலேயே ஒட்டியிருப்பது போலத் தோன்றும். வெளியே எந்த ஒளியும் போவதில்லை. டப்ளினில் டெலஸ்கோப் செய்துவந்த ஹோவர்ட் கிரப் 1900இல் காப்புரிமை பெற்ற தத்துவம்தான் இது. உருப்பெருக்கம் கிடையாது, வெறுங்கண்ணுக்குத் தெரிவதுதான் இதிலும் தெரியும்.

புள்ளியே எரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். புதுக் கருவியில் பேட்டரிக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி அனுப்புவார்கள். அதை உருவி எடுத்தால்தான் மின்சாரம் பாயும். அதன் பிறகும் புள்ளி தெரியாவிட்டால் ஃபைண்டர் முன்பின் மாறி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி வானத்தை நோக்கியும், எல்இடி இருக்கும் பக்கம் உங்களை நோக்கியும் இருக்க வேண்டும். இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஃபைண்டரைக் குழாயோடு ஒத்திசைக்கும் வேலையைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். இருட்டில் முதல்முறை செய்வது வீண் சிரமம். இலக்காக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எடுக்காதீர்கள். ஃபைண்டர் குழாயின் மையத்திலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 20 மீட்டர் தூரத்துப் பொருளில் அந்த 15 செ.மீ. ஏறத்தாழ 0.43 பாகைப் பிழையாகும். கிட்டத்தட்ட ஒரு நிலவின் அகலம். அரை கிலோமீட்டருக்கு அப்பால் போனால் அதே இடைவெளி ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவுக்குச் சுருங்கிவிடும். தூரத்து செல்போன் டவரின் உச்சி, கோபுரக் கலசம், மலைமேல் இருக்கும் விளக்குக் கம்பம் எல்லாம் நல்ல இலக்குகள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

முதலில் 25 மி.மீ. ஐபீஸைப் போட்டு, குழாயின் பக்கவாட்டில் கண்ணை வைத்துக் குறிபார்த்து, டவர் உச்சியை ஐபீஸின் நடுவே கொண்டுவந்து தாங்கியின் பிடிகளை இறுக்குங்கள். இனிக் குழாய் அசையக் கூடாது. புள்ளியின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி, ஃபைண்டருக்கு 20, 30 செ.மீ. பின்னால் தலையை வைத்து, இரண்டு கண்களையும் திறந்தபடி பாருங்கள். ஃபைண்டரில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று புள்ளியை மேலும் கீழும் நகர்த்தும், மற்றது இடமும் வலமும். அவற்றை மட்டும் திருப்பிப் புள்ளியை டவர் உச்சியில் உட்கார வையுங்கள். பலர் இந்த இடத்தில் பழக்கதோஷத்தால் குழாயை நகர்த்திப் புள்ளியை இலக்குக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் மறுபடி முதலிலிருந்துதான். திருகும்போது குழாய் லேசாக ஆடியிருக்கலாம் என்பதால் ஐபீஸில் இன்னொரு முறை பாருங்கள். பிறகு 10 மி.மீ. ஐபீஸைப் போட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். படம் தலைகீழாகத் தெரிவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நடுவில் இருக்கிறதா என்பது மட்டுமே கணக்கு.

திருகு கடைசி வரை போயும் புள்ளி இலக்குக்கு வரவில்லையென்றால் வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் மரை போய்விடும். இரண்டு திருகுகளையும் அவற்றின் நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஃபைண்டரின் அடிப்பாகத்தில் முன்புறமோ பின்புறமோ ஒரு விசிட்டிங் கார்டுத் துண்டை மடித்துச் செருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரவில் ஒரு முறை நட்சத்திரத்தை வைத்துச் சரிபார்ப்பது அவசியம். பயணத்தில் பட்ட அதிர்ச்சியில் திருகு நகர்ந்திருக்கும். வெளிநாட்டுக் கையேடுகள் துருவ நட்சத்திரத்தைப் பிடிக்கச் சொல்லும், ஏனென்றால் அது நகராது. ஆனால் அதன் உயரம் ஊரின் அட்சரேகை அளவுதான். சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் 8, கொழும்பில் 7. கட்டடமும் மரமும் தூசியும் அதை மறைத்துவிடும். நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே இருக்கும் நட்சத்திரமோ 4 நிமிடத்தில் ஒரு பாகை நகர்கிறது, 10 மி.மீ. ஐபீஸின் நடுவிலிருந்து ஒன்றரை நிமிடத்தில் வெளியேறிவிடும். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரையான மாலைகளில் தெற்கே தெரியும் அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) நமக்கு நல்ல தேர்வு. வானில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம், நகரும் வேகமும் ஐந்தில் மூன்று பங்குதான்.

புள்ளியின் வெளிச்சம் இரவில் மிகக் குறைவாக இருக்கட்டும். பிரகாசமான புள்ளி, குறிவைக்கும் நட்சத்திரத்தையே விழுங்கிவிடும். விலை குறைந்த சில ஃபைண்டர்களில் கிராமத்து இருட்டுக்கு மிகக் குறைந்த நிலையே அதிகம். சால்டரிங் தெரிந்தவர்கள் எல்இடியோடு தொடராக 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தால் நன்றாக அடங்கும்.

வெறுங்கண்ணுக்கு நட்சத்திரம் தெரியாத இடத்தில் ரெட் டாட் ஃபைண்டரால் பயன் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். திருவாதிரை இருக்கும் ஓரியன் கூட்டத்தின் இடைவாரில் மூன்று நட்சத்திரங்கள் சென்னையிலும் தெரியும். அதற்குக் கீழே புள்ளியை வைத்தால் எம்42 நெபுலா கிடைத்துவிடும். எம்13 நட்சத்திரக் கொத்தைத் தேடுபவர்களுக்கு அப்படி இல்லை. அதற்கு வழிகாட்டும் ஹெர்குலிஸ் நட்சத்திரங்கள் 3, 4ஆம் ஒளித்தரத்தவை (எண் கூடக் கூட மங்கல்), நகர வெளிச்சத்தில் கரைந்துவிடும். நகரத்தில் பார்ப்பவர்கள் 6x30 அல்லது 9x50 ஃபைண்டர் ஸ்கோப்பை (6 அல்லது 9 மடங்கு பெருக்கும், 30 அல்லது 50 மி.மீ. லென்ஸ் உள்ள சின்ன டெலஸ்கோப்) கூடவே மாட்டிக்கொள்வதே சரி. புள்ளிக்குப் பதில் அரை, 2, 4 பாகை வளையங்களைக் காட்டும் டெல்ராட் என்ற ஃபைண்டர், வரைபடத்தோடு ஒப்பிட்டு நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவிச் செல்ல மிகவும் உதவும்.

மார்கழிப் பனியில் முதலில் நனைவது ரெட் டாட் ஃபைண்டரின் கண்ணாடிதான். துண்டால் துடைத்தால் மேற்பூச்சில் கீறல் விழும். இதமான சூட்டில் ஹேர் டிரையரைத் தூரத்தில் காட்டுங்கள். பயன்படுத்தாத நேரத்தில் ஓர் அட்டை மூடி போதும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு பெட்டியில் பூட்டாதீர்கள்.

சூரியனைக் குறிவைக்க ரெட் டாட் ஃபைண்டரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். டெலஸ்கோப்பின் முன்முனையில் சூரிய ஃபில்டர் மாட்டியிருந்தாலும் ஃபைண்டரில் ஃபில்டர் கிடையாது. அதன் வழியே பார்ப்பது வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பதேதான். சூரியனைப் பார்க்கும் நாளில் ஃபைண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் விழும் குழாயின் நிழல் மிகச் சிறிதாகும் வரை திருப்புங்கள்.

ரெட் டாட் ஃபைண்டரில் இருப்பது பெரும்பாலும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. அணைக்க மறந்தால் சில நாட்களில் காலி. மாற்று பேட்டரி ஒன்றை ஐபீஸ் பெட்டியிலேயே வைத்திருங்கள், ஆனால் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி. பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே அவசரப் பிரிவுள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தீர்ந்த பேட்டரியிலும் அந்த அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும். இரு பக்கமும் டேப் ஒட்டிய பிறகே அப்புறப்படுத்துங்கள்.